பழைய தோட்ட டிராக்டர்: வாசகர் கேள்வி பதில்

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் தயாரான கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் 110 போன்ற சிறிய தோட்ட டிராக்டர்களை வீட்டுப் பட்டறையில் பிரித்துப் புதுப்பிப்பவர்களின் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. வார்ப்பிரும்பு எஞ்சின், கனமான தகடு, எங்கும் கை நுழைய இடம் என்ற அமைப்பினால் வீட்டிலேயே பழுதுபார்க்க இவை ஏற்றவை. ஆனால் பிரிப்பதற்கு எளிது என்பதாலேயே அவசரப்பட்டுப் பிரித்துச் சிக்கலில் மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 1960களைச் சேர்ந்த கப் கேடட் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. 10 குதிரைத்திறன் கொண்ட கோலர் எஞ்சின். பல ஆண்டுகள் திறந்தவெளியில் நின்றதால் எஞ்சின் இறுகிவிட்டது. கியரில் போட்டு வேறொரு வண்டியால் கட்டி இழுத்தால் விடுபட்டுவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. கட்டி இழுக்கும்போது சக்கரத்திலிருந்து கியர் பாக்ஸ் வழியாக வரும் விசை முழுவதும் கடைசியில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் போய் நிற்கும். இந்த எஞ்சினில் அந்த ராட் அலுமினியத்தால் ஆனது. பிஸ்டன் அசைவதற்கு முன்னால் ராட் உடைந்துவிட்டால், பழுதுபார்க்கக் கூடியதாக இருந்த எஞ்சின் பழைய இரும்பாகிவிடும்.

எஞ்சின் எதனால் இறுகியது என்று முதலில் பாருங்கள். இந்த வகை எஞ்சினில் வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கின்றன. எஞ்சின் நின்ற வேளையில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால், புகைக்குழாய் வழியாக இறங்கும் மழைநீர் வால்வைத் தாண்டி நேராகப் பிஸ்டனின் தலைமீது தேங்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டனின் விளிம்பைச் சுற்றிச் சிலிண்டர் சுவரில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு துருவளையம் தெரியும். பிஸ்டனைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த வளையம்தான். ஆகவே பிஸ்டனைத் தொடுவதற்கு முன்னால், அதற்கு மேலே தெரியும் சுவரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துருவின் மீதே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளை உரசச் செய்து சுவரைக் கீறிவிடுவீர்கள்.

பிறகு துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். பிஸ்டன் பாதி உயரத்திலோ அதற்கு மேலோ நின்றிருந்தால், உறுதியான மரக்கட்டையைப் பிஸ்டன் தலையில் பரவலாக வைத்து, அதன்மேல் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி ஒருமுறை அடிப்பதைவிட, இலேசாகப் பலமுறை தட்டுவதே துருவை உடைக்கும். பிஸ்டன் அடியிலேயே நின்றிருந்தால் மேலிருந்து தட்டிப் பயனில்லை. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, ராடின் மூடியை அவிழ்த்துவிட்டு, கீழிருந்து மேல்நோக்கித் தள்ள வேண்டும். கிராங்கின் முனையிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைப் பிடித்து நெம்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் காற்றிறகுகள் ஒடிந்தால் சமநிலை கெடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிஸ்டன் வெளியே வந்ததும் உடனே ரிங் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் புதிதில் 3.25 அங்குலம், அதாவது 82.55 மில்லிமீட்டர். மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். தேய்மானமோ நீள்வட்டமோ தெரிந்தால், 0.010, 0.020, 0.030 அங்குலம் கூடுதலான பிஸ்டன்களில் பொருந்துவதைத் தேர்ந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்துகொள்ளலாம். கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது. அலுமினியமே நேரடியாகக் கிராங்க் பின்னின்மேல் ஓடுகிறது. எண்ணெயையும் பம்ப் எதுவும் செலுத்துவதில்லை. ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயைத் தெறித்துவிடுகிறது, அவ்வளவே. எண்ணெய் மட்டம் சற்றுக் குறைந்த நிலையில் ஓட்டப்பட்ட எஞ்சின்களில் கிராங்க் பின் கீறியிருப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: எஞ்சினைப் புதிதாகக் கட்டிய பிறகும், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் காம்ப்ரஷன் மானி மிகக் குறைவாகவே காட்டுகிறது. ஆனால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. மானி பழுதா?

பதில்: மானியில் பழுதில்லை. எளிதில் ஸ்டார்ட் ஆவதற்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு எடை பொருத்தப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றுக்குக் கீழே அது எக்ஸாஸ்ட் வால்வை இம்மியளவு திறந்தே வைத்திருக்கும். ஆகவே ஸ்டார்ட்டரால் சுழற்றி எடுக்கும் அளவுக்குப் பொருளே இல்லை. பிஸ்டனை அழுத்தக் கட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுழலாதபடி பூட்டி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் கசிவுச் சோதனை செய்யுங்கள். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் துளையில் சீறினால் ரிங். மானியைவிடக் காது இங்கே நன்றாக உதவும்.

கேள்வி: துருவை நீக்க மின்பகுப்பு முறை நல்லது என்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுத் தட்டு ஒன்று கைவசம் இருக்கிறது. அதையே மின்வாயாக வைக்கலாமா? பழைய பெயிண்டை எப்படி அகற்றுவது?

பதில்: அந்தத் தட்டு வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காத எஃகை நேர்மின்வாயாக வைத்தால் அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறிணைதிறன் குரோமியமாகத் தண்ணீரில் சேரும். அந்தத் தண்ணீரைக் கொட்டவும் வழியிருக்காது. சாதாரண இரும்புத் தகட்டை வையுங்கள். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையைத் தகட்டிலும் இணையுங்கள். முனைகள் மாறினால் உங்கள் பாகம்தான் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு எழும். முறையாகச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், திறந்த இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். அலுமினியப் பாகத்தை இந்தக் கரைசல் அரித்துவிடும். கெட்டியாகப் பதப்படுத்திய ஸ்பிரிங்குகள் ஹைட்ரஜனை உறிஞ்சிப் பின்னர் நொறுங்கக்கூடும்; அவற்றைக் கையால் தேய்ப்பதே நல்லது.

அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் கிரைண்டர் போடாமல், ஈரமாக்கித் தேயுங்கள். பிரேக், கிளட்ச் உராய்வுப் பட்டைகளிலும் பழைய கேஸ்கெட்டுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அங்கே காற்றுக்குழாயைப் பிடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை முழுவதும் உலர விடாமல் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். பட்டறையில் இது பலருக்குத் தெரியாமல் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: காணாமல்போன போல்ட்டுகளுக்குப் பதில் கையில் இருக்கும் மெட்ரிக் போல்ட்டுகளைப் போடலாமா?

பதில்: போடக்கூடாது. இவை அங்குல மரை கொண்ட வண்டிகள். சில மெட்ரிக் போல்ட்டுகள் முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு எளிதாக ஏறி, பிறகு பிளாக்கின் மரையையே தின்றுவிடும். மரை அளவுகோலை வைத்துப் பார்த்து வாங்குங்கள். தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, ஆறு இருந்தால் கிரேடு 8.

கேள்வி: என் 8 குதிரைத்திறன் டிராக்டரில் 20 குதிரைத்திறன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை ஏற்றி, பெரிய புல்லி மாற்றி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் போகும்படி செய்ய விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பிரேக்கிலிருந்து. இந்த வண்டிகள் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்காகவே செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் பின் அச்சை மட்டும் பிடிக்கும் சிறிய பட்டை பிரேக் ஒன்றுதான் உண்டு, ஸ்பிரிங் இல்லை, முன்சக்கரங்கள் நிற்பதோ விரல் தடிமனுள்ள சிறு தண்டுகளில். வேகம் மும்மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்காகும். ஆகவே எஞ்சின் ஆசையை நான் தடுக்கவில்லை. வேக ஆசையைத்தான் தடுக்கிறேன். டிஸ்க் பிரேக், வலுவான முன் தண்டுகள், இறுக்கமான ஸ்டியரிங் ஆகிய மூன்றும் முடியாத வண்டியில் புல்லியைத் தொடுவது எனக்கு உடன்பாடில்லை.

எஞ்சினை மாற்றும்போது குதிரைத்திறனைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு. புதிய எஞ்சினின் ஷாஃப்ட் கிடைமட்டமா, அதன் விட்டம் என்ன, தரையிலிருந்து அது நிற்கும் உயரம் பழைய எஞ்சினோடு ஒத்துப்போகிறதா, சுழலும் திசை ஒன்றா என்று முதலில் உறுதி செய்யுங்கள். உயரம் சிறிது மாறினாலும் பெல்ட் கோணலாக ஓடிச் சில வாரங்களிலேயே கிழியும். பெல்ட்டுக்குப் பதில் நேரடி ஷாஃப்ட் கொண்ட கப் கேடட் வகையில் இணைப்பே உடையும். சேஸிஸில் புதுத் துளைகள் போடாமல், பழைய துளைகளிலேயே பூட்டும்படி ஒரு கனத்த தகட்டைச் செய்து, அதன்மேல் எஞ்சினை ஏற்றினால், பிற்காலத்தில் பழைய எஞ்சினைத் திரும்பப் பொருத்த வழி இருக்கும். எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றுத் தகடுகளை அழகுக்காகக் கழற்றிவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தத் தகடுதான் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுசேர்க்கிறது.

கூடுதல் சக்தி வேறொரு இடத்திலும் பழிவாங்கும். டயர் வழுக்கும்வரை கியர் பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். சக்கரத்தில் எடையைக் கட்டி, டயரில் நீரையும் நிரப்பி, வழுக்குவதையும் தடுத்துவிட்டால், பல்சக்கரம்தான் மிச்சம் இருக்கும் பலவீனமான கண்ணி.

இதோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு, சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றி அதிகச் சுற்றில் ஓட்டுபவர்கள் உண்டு. இவற்றின் மேல்வரம்பு நிமிடத்துக்கு 3600 சுற்று. ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, சுற்று இரட்டித்தால் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். அது வெடித்தால் துண்டுகள் ஓட்டுநரின் கால் உயரத்திலேயே பறக்கும். இழுவைப் போட்டிகளில் எஃகிலோ அலுமினியத்திலோ கடைந்த ஃப்ளைவீலும் கவசத் தகடும் கட்டாயமாக்கப்படுவது இதனால்தான். இருக்கையிலிருந்து எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்சை, எத்தனை மாற்றம் செய்தாலும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கும் பழைய வகையைச் சுத்தம் செய்து பூட்டினேன். எஞ்சினைச் சுழற்றுகிறது, ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

பதில்: பிரித்துப் பூட்டியதில் அதன் எஞ்சிய காந்தத்தன்மை போயிருக்கலாம், அல்லது திசை மாறியிருக்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு துண்டு வயரால் கணநேரம் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறந்தால் போதும். பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்கு மாற்றப்பட்ட வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: பெயிண்ட் வேலையை எப்போது செய்வது? பழைய பெயிண்டை அப்படியே விட்டால் மதிப்பு கூடுமா?

பதில்: தொழிற்சாலைப் பெயிண்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால், கழுவி மெழுகு பூசி விட்டுவிடுவதையே நான் விரும்புவேன், வேண்டும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், பழைய பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடிப்பதென்று முடிவு செய்தால், எல்லா வேலையும் முடிந்து, பாரம் ஏற்றிச் சில நாட்கள் ஓட்டி, எந்த ஆயில் சீல் கசிகிறது, எந்த மூட்டில் வெடிப்பு விடுகிறது என்று பார்த்த பிறகு அடியுங்கள். சிலிண்டரின் குளிர்விக்கும் இறகுகளில் கனமாக அடித்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் தாங்கும் பெயிண்டை மெல்லியதாக ஒரு பூச்சு மட்டும் கொடுங்கள். பேட்டரியின் எர்த் வயர் சேஸிஸில் அமரும் இடத்தையும், எஞ்சின் சேஸிஸில் பூட்டப்படும் இடத்தையும் பெயிண்ட் இல்லாமல் வெறும் உலோகமாக விடுங்கள். பெயிண்ட் அடித்த மறுநாளே ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்று எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு அங்கேதான் கோளாறு.