சூப்பர் குளூ விரலில் ஒட்டுகிறது, உடைந்த பொருளில் ஒட்டமாட்டேன் என்கிறதே, ஏன்?

பெரும்பாலும் பசையை அதிகமாகப் போடுவதுதான் காரணம். நானும் அதே தப்பைச் செய்தவன்தான். ஒரு பீங்கான் பொம்மையின் கை உடைந்தபோது, நிறைய விட்டால் கெட்டியாகப் பிடிக்கும் என்று நினைத்து உடைந்த இடம் முழுக்கத் தடவினேன். ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால், பொம்மையின் கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் பசை இறுகியிருந்தது. நடுவில் ஈரமாகப் பளபளத்தது.

மற்ற பசைகள் காய்வதுபோல இது காய்வதில்லை. டியூபில் இருப்பது சயனோஅக்ரிலேட் என்ற திரவம். பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம் பட்டதும், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக இறுகிவிடும். விரலில் எப்போதும் ஈரம் உண்டு, அதனால் நொடியில் பிடிக்கிறது. தடிமனாகப் போட்டால் அந்தக் கொஞ்ச ஈரத்தால் நடுப்பகுதி வரை வேலை செய்ய முடியாது.

பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டாவது முறை ஒரே ஒரு துளி விட்டு அரை நிமிடம் அசையாமல் பிடித்தேன். நின்றுவிட்டது. சரி, நின்றுவிட்டதே என்று உடனே பாரம் ஏற்றக் கூடாது. முழு பலம் வர ஒரு நாள் ஆகும். விளிம்புகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் ஜெல் வகையை வாங்குங்கள்.

பாலிதீன், பாலிப்ராப்பிலீன், டெஃப்லான் ஆகியவற்றில் இது ஒட்டாது. பக்கெட்டும் டப்பா மூடியும் பெரும்பாலும் முதல் இரண்டில் செய்யப்பட்டவைதான். அவற்றுக்குப் பசைக்கு முன் தனியாக பிரைமர் என்ற திரவத்தைத் தடவ வேண்டும். அப்புறம், நேராகப் பிடித்து இழுத்தால் இந்த ஒட்டு நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தாலோ பட்டென்று அடி விழுந்தாலோ விட்டுவிடும். வளைந்துகொண்டே இருக்கும் பொருளுக்கும் சூடாகும் பாத்திரத்துக்கும் சாதாரண வகை வேண்டவே வேண்டாம்.

இது ஏறக்குறைய எதிலும் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகவே முதலில் ஒதுக்கப்பட்ட பொருள். 1942இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டியதால் அதை ஓரம் கட்டிவிட்டார்கள். 1951இல் கோடாக் நிறுவனத்தின் ஆய்வில் விலையுயர்ந்த கருவி ஒன்றின் கண்ணாடிகள் இதனால் ஒட்டிக்கொள்ள, அப்போதுதான் அதன் அருமை புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிவது இதன் ஆவிதான். காற்றோட்டம் இருந்தால் குறையும். இதே ஆவி விரல்ரேகைகளில் படிந்து அவற்றை வெள்ளையாகக் காட்டுவதால் தடயவியல் ஆய்வகங்களிலும் பயன்படுகிறது.

ஒன்றை மட்டும் அவசியம் நினைவில் வையுங்கள். சிந்திய பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் மளமளவென்று இறுகிக் கடுமையாகச் சூடாகும், புகையும், தோல் வெந்துவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டு இமை ஒட்டிவிட்டால் வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.