கற்பித்தல், பல்துறை ஆய்வு, குடிமக்கள் அறிவியல்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். வாரத்தின் பெரும்பகுதி வகுப்பிலேயே கழிந்துவிடுகிறது. தும்பிகள் குறித்த ஆய்வைப் புள்ளியியல் துறையினரோடு இணைந்து, பொதுமக்களையும் ஈடுபடுத்திக் குடிமக்கள் அறிவியலாகச் செய்ய விரும்புகிறேன். மூன்றையும் ஒருசேரக் கொண்டுசெல்ல இயலுமா?

பதில்: மூன்றையும் தனித்தனி வேலைகளாக வைத்துக்கொண்டால் இயலாது. ஒரே கேள்விக்காகத் திரட்டும் ஒரே தரவு வகுப்பின் செய்முறையாகவும் தன்னார்வலர்களின் பணியாகவும் ஆய்வுக் கட்டுரையின் அடிப்படையாகவும் அமையுமானால் இயலும். பலர் செயலியிலும் தொடக்க விழாவிலும் ஆரம்பிக்கிறார்கள். கேள்வி இல்லாத இடத்தில் படங்கள் குவியுமே தவிர விடை கிடைப்பது அரிது. 'இங்கே எத்தனை வகைத் தும்பிகள் உள்ளன?' என்பதைவிட, 'கரையோரச் செடிகளை அகற்றிய குளங்களில் தும்பி வகைகள் குறைகின்றனவா?' என்பது நல்ல கேள்வி. எந்தெந்தக் குளங்களுக்குச் செல்ல வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

புள்ளியியலாளரைத் தரவு சேர்ந்த பிறகு அழைக்காதீர்கள். படிவம் தயாரிக்கும் நாளிலேயே அவர் உடனிருக்க வேண்டும். ஓர் உயிரினம் கண்ணில் படவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்றாகிவிடாது. இருந்தும் தென்படாமல் போவதற்கான வாய்ப்பைக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரிகள் 2002 முதல் சூழலியலில் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. பொதுவாக அவற்றுக்கு ஒரே பருவத்தில் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் பார்த்த பதிவுகள் தேவை. ஒவ்வொரு குளத்துக்கும் ஒருமுறை மட்டும் சென்றுவிட்டால், அந்தக் குறையைப் பின்னால் எந்தக் கணினியாலும் ஈடுகட்ட முடியாது.

படிவத்தில் தும்பியின் பெயரைவிட முக்கியமான கட்டங்கள் உண்டு: தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, பார்த்தவர்களின் எண்ணிக்கை, வெயிலா மேகமூட்டமா என்பது, இறுதியாக 'கண்ட வகைகள் அனைத்தையும் பதிந்தேன்' என்பதற்கான ஒப்புதல். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் 2002இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளமும் பறவை நோக்கர்களிடம் கேட்கிறது. அரைமணி நேரம் நின்றும் ஒன்றையும் காணாத மாணவர் தம் படிவத்தைக் கசக்கி எறியவே நினைப்பார். அதையும் வாங்கிக் கோப்பில் சேருங்கள், ஏனெனில் அதுவும் தரவே.

வகுப்பில் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே கரையை ஒருவரோடொருவர் பேசாமல் பதியச் செய்யுங்கள். இரண்டு தாள்களும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவதே பிழை மதிப்பீட்டில் நல்லதொரு பாடம். பொதுமக்களின் பதிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கான முதல் அளவுகோலும் அதிலேயே கிடைக்கும்.

பணி முன்னேற்றம் பற்றிய கவலை நியாயமானது. பல்துறைக் கட்டுரைகள் வெளிவரக் காலமெடுக்கும், மதிப்பீட்டுக் குழுவினருக்கோ தங்கள் துறையின் அளவுகோலே பழக்கம். ஆகவே பூச்சிச் சூழலியலில் உங்கள் பெயர் சொல்லும் சிறு கட்டுரைகளை நிறுத்திவிடாதீர்கள். முறையாக விவரித்த தரவுத் தொகுப்பையே தனிக் கட்டுரையாக வெளியிடும் இதழ்களும் இருக்கின்றன.

பங்களித்தவர்களுக்கான அங்கீகாரத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவு செய்துவிடுவது நல்லது. புரதங்களின் வடிவத்தைக் கணினியில் மடித்துப் பார்க்கும் ஃபோல்டிட் விளையாட்டின் பங்கேற்பாளர்கள் குரங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் நொதி வடிவத்தைக் கண்டறிய உதவியபோது, 2011இல் வெளியான கட்டுரையில் அவர்களின் குழுக்கள் கட்டுரையாசிரியர்களாகவே இடம்பெற்றன. யாருக்கு ஆசிரியர் இடம், யாருக்கு நன்றியுரை, தரவு எப்போது பொதுவெளிக்கு வரும், அரிய இனங்களின் இருப்பிடம் எவ்வாறு மறைக்கப்படும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, முதல் களப்பணிக்கு முன்பே அனைவரிடமும் கொடுத்துவிடுங்கள்.