ஜியோபோனில் வாட்ஸ்அப்: அந்த 400 ரூபாயைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மா வெகுநாளாக ஜியோபோன்தான் வைத்திருக்கிறார். அதில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. 400 ரூபாய் கொடுத்தால் 'அப்டேட்' போட்டு ஓட வைக்கிறோம் என்கிறார் பஜார் கடைக்காரர். கொடுக்கலாமா? பேரன் படங்கள் போய்விடுமா?

பதில்: கொடுக்காதீர்கள். அம்மாவின் போனில் ஒரு கோளாறும் இல்லை. அதில் ஓடும் மென்பொருளுக்குப் பெயர் காய்ஓஎஸ். அதற்கு வாட்ஸ்அப் தருவதை வாட்ஸ்அப் நிறுவனமே நிறுத்திவிட்டது. 2024 ஜூன் 25 முதல் புதிதாக ஏற்ற முடியாது. முன்பே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தோடு சரி. கடையில் என்ன வித்தை காட்டினாலும் இனி வராது. வாட்ஸ்அப் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போன் ஒன்றுக்கு மாறுவதே வழி.

பிறகு 400 ரூபாய்க்கு என்ன செய்வார்கள்? போனுக்கு 'பிளாஷ்' போடுவார்கள், அதாவது மென்பொருளை மறுபடி புதிதாக ஏற்றுவார்கள். பேரன் படம் போவது அப்போதுதான், உள்ளே இருப்பதையெல்லாம் அது துடைத்துவிடும். இல்லையென்றால் ஏதோ ஒரு போலி வாட்ஸ்அப்பை ஏற்றிவிட்டு, "மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்பார்கள். சொன்னால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பெற்ற பிள்ளையைத் தவிர யாரிடமும் அந்த ஆறு எண்ணைச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் "இது ஆகாதுங்க, காசை வீணாக்காதீங்க" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் வியாபாரம் குறைவு.

கேலரியில் தெரிகிற படங்கள் பத்திரம். மெமரி கார்டில் இருந்தால் கார்டைக் கழற்றிப் புதுப் போனில் போடுங்கள், இல்லையென்றால் புளூடூத்தில் அனுப்பலாம். தொடர்பு எண்களையும் அமைப்புகளில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்துக் கார்டில் இறக்கிக்கொள்ளலாம். பழைய அரட்டைகள் மட்டும் ஆண்ட்ராய்டுக்கு வராது.

2017-இல் 1,500 ரூபாய் டெபாசிட் வாங்கிக்கொண்டு 'இந்தியாவின் ஸ்மார்ட்போன்' என்று விற்ற போன் இது. உள்ளே இருந்த காய்ஓஎஸ், மொசில்லா நிறுவனம் 2015 டிசம்பரில் கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற போன் மென்பொருளின் வாரிசு. காய்ஓஎஸ் நிறுவனத்தில் 2018-இல் கூகுள் 2.2 கோடி டாலர் போட்டது, அதே ஆண்டு வாட்ஸ்அப்பும் வந்தது. ஆனால் மலிவுப் போனுக்குச் செயலி எழுத யார் வருவார்? ஜியோவே 2021-இல் ஜியோபோன் நெக்ஸ்ட்டுக்கு ஆண்ட்ராய்டைத்தான் எடுத்துக்கொண்டது. நிறுத்தும்போது இணையத்தில் ஓர் அறிவிப்பு போட்டார்கள். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை பார்க்கும் அம்மா அதைத் தேடிப் போய்ப் படிப்பாராக்கும்!

அப்புறம், செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினால் அமைப்புகளில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தால் அதிலும் வாட்ஸ்அப் ஏறாது. அப்படிப்பட்ட போனைத் துடைத்துப் புதுக் கவர் மாட்டி விற்பவர்கள் உண்டு. கடையிலேயே வாட்ஸ்அப் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அம்மா போடுகிற மலிவு ரீசார்ஜ் ஜியோபோனுக்கு மட்டுமே உரியது. சிம்மைக் கழற்றி ஆண்ட்ராய்டில் போட்டால் அது வேலை செய்யாது. "சிம் போச்சு, புதுசு வாங்குங்க" என்று அதற்கும் ஒருவர் வருவார். சிம்முக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரணத் திட்டத்தில் ரீசார்ஜ் போட்டால் அதே நம்பர் ஓடும். அதனால் இப்போதைய ரீசார்ஜ் முடிகிற நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கடுத்த நாள் சிம்மை மாற்றுங்கள். முந்தினால் மீதி நாள்களின் பணம் வீண். ஒரு மாதச் செலவு எவ்வளவு கூடும் என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள், போன் விலையைவிட அதுதான் பலருக்கு இடிக்கிறது.

வாட்ஸ்அப் கணக்கைத் தொடாமல் 120 நாள் போனால் பொதுவாக அழித்துவிடுவார்கள். உங்களுக்கு அது தாண்டியிருந்தாலும் அதே நம்பரில் புதிதாகத் தொடங்கலாம். குடும்பக் குரூப்பில் மட்டும் அம்மாவை மறுபடி சேர்த்துவிடுங்கள்.