சிறிய அரங்கில் ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை) பாடகரை நேரில் கேட்ட அனுபவம் உண்டா? ரெக்கார்டில் கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

உண்டு. சார்ல்ஸ் பிராட்லியை நியூயார்க்கில் ஒரு சின்ன கிளப்பில் கேட்டேன். முன்னூறு பேர் நின்றாலே நெரிசலாகிவிடும் இடம், மேடை இடுப்பு உயரம்தான். அதற்கப்புறம் சோல் இசையைப் பெரிய ஸ்டேடியத்தில் கேட்க எனக்கு மனசே வரவில்லை.

பிராட்லியைத் தெரியாதவர்களுக்கு: 1948-ல் ஃபுளோரிடாவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். 1962-ல் அவருடைய அக்கா நியூயார்க்கின் அப்போலோ தியேட்டருக்குக் கூட்டிப்போய், புகழ்பெற்ற சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைக் காட்டினார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. வீட்டை விட்டு ஓடி சுரங்க ரயிலில் தூங்கியிருக்கிறார், பல வருடம் சமையல் வேலை பார்த்திருக்கிறார், 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் போட்டுப் பாடியிருக்கிறார். முதல் ஆல்பம் வந்தது 2011-ல், 62 வயதில்!

சுட்டுக் கொல்லப்பட்ட தன் சகோதரரைப் பற்றி அவருக்கு ஒரு பாட்டு உண்டு, 'ஹார்ட்ஏக்ஸ் அண்ட் பெய்ன்'. அதைப் பாடும்போது ஓர் இடத்தில் மைக்கை மார்புக்குக் கீழே இறக்கிவிட்டுக் கத்தினார். ஸ்பீக்கர் வழியாக இல்லை, அந்தத் தொண்டையிலிருந்து நேராக வந்தது சத்தம். நடுவில் உடைந்து, கரகரத்து, மறுபடி சுருதியில் வந்து நின்றது. ரெக்கார்டில் இது கிடைக்காது. பெரிய அரங்கிலும் கிடைக்காது, மைக் இல்லாத குரல் அங்கே பத்தாவது வரிசையைத் தாண்டாது.

இன்னொன்று, பேண்ட் அவரைக் கவனித்த விதம். டிரம்மர் கண்ணை எடுக்கவே இல்லை. பிராட்லி தோளை ஒரு வெட்டு வெட்டினால் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் அந்த நொடியில் ஒலிக்கும். சோல் பிறந்தது கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து. ஒருவர் அழைக்க, சபை பதில் சொல்லும் முறை அது. கிளப்பில் நாம்தான் சபை. பாட்டு முடிந்ததும் இறங்கி வந்து முன்னால் நின்ற எல்லோரையும் கட்டிப்பிடித்தார். சட்டை முழுக்க வியர்வை. என்னையும் அணைத்தார், அழுதுவிட்டேன்.

அவர் 2017-ல் போய்விட்டார். அந்த மாதிரி ஒரு ராத்திரியை வீட்டிலிருந்தே ஓரளவாவது உணர வேண்டுமென்றால், சோல் பாடகர் சாம் குக் 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடிய பதிவைக் கேளுங்கள். ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ரெக்கார்ட் கம்பெனி முடக்கி வைத்து, 1985-ல்தான் வெளியிட்டது. அவருடைய மெருகான ஸ்டுடியோ பாட்டுகளைவிட எனக்கு இதுதான் உசத்தி.

நேரில் போக வாய்ப்பு கிடைத்தால், ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் மேஜை பக்கம் நின்றால் ஒலி சுத்தமாகக் கேட்கும் என்பார்கள். சரிதான், ஆனாலும் சோல் கேட்க மேடைக்கு முன்னாடியே போய் நில்லுங்கள். காதை அடைக்கும் இயர்பிளக் மட்டும் மறக்காதீர்கள், டிரம்பெட் நேராக முகத்துக்கு வரும்.