ஓய்வுநாள் கேள்வி பதில்: சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பனையேற்றம்

சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியில் இங்கே உட்காருகிறேன். நான் போதகர் இல்லை. ஆசீர்வாதமும் சாபமும் என் கையில் கிடையாது. வாரத்தில் வேலையை நிறுத்திக் கர்த்தருக்கென்று வைக்கிற ஓய்வுநாள் பற்றியும், லீகலிசம் (கட்டளையின் எழுத்தை மட்டும் பிடித்துத் தொங்குவது) என்று எல்லோரும் எல்லோரையும் திட்டுகிறார்களே அதைப் பற்றியும் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒற்றை வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஒரு மாணவி: எங்கள் பெரியப்பா குடும்பம் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறவர்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த போதகம் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?

பாதிகூட உண்மை இல்லை அம்மா. உங்கள் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம், பிரகாசபுரம். பழைய பெயர் மூக்குப்பேறி. அங்கே 1857-இல் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், நாசரேத் மிஷனெரியோடு முட்டிக்கொண்டு வெளியேறி, வெள்ளைக்காரர் காசும் வேண்டாம் வெள்ளைக்காரர் அதிகாரமும் வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர். அவர்கள் பழைய ஏற்பாட்டை நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுநாள் என்றால் சனிக்கிழமை, பண்டிகை என்றால் மோசே சொன்ன பண்டிகை. சனிக்கிழமை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அமெரிக்காவில் முறையாக அமைக்கப்பட்டதே 1863-இல்தான். அவர்களுடைய மிஷனெரி ஜேம்ஸ் 1908-இல் பிரகாசபுரம் வந்தபோது, சனிக்கிழமை ஆசரிக்கும் தமிழர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், அவர்கள் இருந்ததால்தான் அவர் வந்தார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிஷனெரி கால்டுவெல் 1849-இல் எழுதிய ஒரு சிறு நூல் பனையேறும் மக்களை மிகவும் தாழ்த்திப் பேசியது. அந்தச் சமூகத்தில் பிறந்த சட்டாம்பிள்ளைக்கு அந்தக் காயம் ஆறவே இல்லை. மிஷனெரி கைகாட்டிய ஞாயிற்றுக்கிழமையை விட்டு வேதத்தில் இருந்த சனிக்கிழமைக்கு அவர்கள் போனதில் பக்தி எவ்வளவு, மானம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லை. அதை லீகலிசம் என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறவர்களுக்கு நம் ஊர்ச் சரித்திரம் தெரியாது.

ஏரல்: சனியா ஞாயிறா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

வேதத்தில் ஏழாம் நாள் சனிக்கிழமை, கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஞாயிறு கூடுவது இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால். இவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

பாளையங்கோட்டை: கான்ஸ்டன்டைன் ராஜாதான் நாளை மாற்றினார் என்று ஒரு வீடியோ வந்தது. சரியா?

321-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று ரோம ராஜா கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார். நீதிபதிகளும், நகரத்தில் இருப்பவர்களும், பட்டறைக்காரர்களும் சூரியனுடைய நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே, ஏறக்குறைய 155-இல், ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படி நடந்தது என்று விவரமாக எழுதி வைத்திருக்கிறார். ஆகவே கூடிவருகிற நாளைக் கண்டுபிடித்தவர் ராஜா இல்லை. ஆனால் அந்த நாளை அரசாங்க விடுமுறையாக ஆக்கியது அவர்தான். அப்புறம் நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், சனிக்கிழமை வேலையை நிறுத்தி யூதரைப்போல நடக்காதே என்று தடையே போட்டது. தடை போட வேண்டி வந்தது என்றால் அதுவரை நிறையப் பேர் நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். எத்தியோப்பியச் சபை நெடுங்காலமாக இரண்டு நாளையும் கனம்பண்ணுகிறது, அவர்களை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை.

அந்த 321 சட்டத்தில் விவசாயிகளுக்கு ஒரு விலக்கு உண்டு, பருவம் தப்பிவிடக் கூடாது என்பதற்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

உடன்குடி: என் அப்பா பனையேறி. பதநீர்ப் பருவத்தில் ஞாயிறும் ஏறுவார். சபையில் ஒரு மூப்பர் எல்லோர் முன்னாலும், கர்த்தருடைய நாளை மீறுகிறவன் வீட்டில் ஆசீர்வாதம் நிற்காது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா கோயிலுக்கு வருவதில்லை. அப்பா செய்தது பாவமா?

இல்லை தம்பி.

அவ்வளவு சொல்லி நிறுத்தியிருப்பேன், ஆனால் கேள்வியில் இருக்கிற மூப்பர் பல ஊர்களில் இருக்கிறார். பனை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதநீர் ஊறுகிற பூங்குலையான பாளையைத் தினமும் சீவ வேண்டும், காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். சீவாமல் விட்டால் ஊறல் குறைந்து பாளை காய்ந்துபோகும். ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூலிதானே போகும் என்கிற கணக்கு இங்கே செல்லாது, அந்தப் பாளையின் மிச்சப் பருவமும் அதோடு போகலாம். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன் ஒரு ரோம ராஜாவுக்குப் புரிந்தது ஞாயிறு மத்தியானம் கருப்பட்டிக் காப்பி குடிக்கிற மூப்பருக்குப் புரியவில்லை. அந்தக் கருப்பட்டி எந்தக் கிழமை இறக்கிய பதநீரில் காய்ச்சியது என்று அவர் விசாரித்திருக்க மாட்டார்.

ஆண்டவர் பக்கம் வருவோம். லூக்கா 13-இல் பதினெட்டு வருடம் கூனியாய் இருந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டு, ஆறு நாள் இருக்கிறதே அப்போது வாருங்கள் என்று ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறான். சுகமாக்கியவரிடம் பேசத் தைரியம் இல்லை, சுகம் தேடி வந்த ஏழைகளைத் திட்டுகிறான். உங்கள் மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று இயேசு கேட்டது அவனைத்தான். அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பிரகாசபுரம், ஏழாம் நாள் ஆசரிப்பவர்: அண்ணாச்சி, நீங்கள் வசதியானதை மட்டும் சொல்கிறீர்கள். யாத்திராகமம் 34:21 விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருக்கச் சொல்கிறது. பருவத்துக்கு விலக்கு கொடுத்தது ரோம ராஜா, தேவன் இல்லை.

நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். அந்த வசனம் இருக்கிறது, அதைச் சுற்றிப் போக நான் முயற்சி செய்யப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டளை யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். யாத்திராகமம் 20-இலும் உபாகமம் 5-இலும் நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று பட்டியல் போகிறது. வேலைக்காரனும் மாடும் அந்நியனும் யாருக்கு உண்டோ அவனிடம்தான் பேச்சு. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்று உபாகமம் காரணமும் சொல்கிறது. ஓய்வு கொடுக்க முடிந்தவனுக்கு இட்ட கட்டளையை, ஓய்வு எடுக்க வழியில்லாதவன் தலையில் போடுவதற்குப் பெயர்தான் லீகலிசம், அது சனிக்கிழமை நடந்தாலும் சரி ஞாயிறு நடந்தாலும் சரி.

இன்னும் பின்னால் போங்கள், யாத்திராகமம் 16. கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கு முன்பே ஓய்வுநாள் வருகிறது. எப்படி வருகிறது? ஆறாம் நாளில் மன்னா, வனாந்தரத்தில் தேவன் கொடுத்த ஆகாரம், இரட்டிப்பாகக் கிடைக்கிறது, அப்புறம்தான் நாளைக்கு வெளியே போக வேண்டாம் என்கிறார். அந்த மூப்பர் சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்கு எத்தனை படி அரிசி கொண்டுபோனார்?

உடன்குடி, மறுபடி: அப்பாவுக்குச் சொந்த மரம் கிடையாது ஐயா. வேறொருவர் மரத்தில்தான் ஏறுகிறார். முன்பணம் வேறு வாங்கியிருக்கிறார்.

பார்த்தீர்களா. அப்படியென்றால் ஞாயிறு ஏறுவதா வேண்டாமா என்ற கேள்வி முதலில் மரத்துக்காரர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியது.

திசையன்விளை: நான் மரம் வைத்திருப்பவன். ஞாயிறு ஏறு என்று நான் யாரையும் சொன்னதில்லை. அவர்களே ஏறுகிறார்கள். எங்களை ஏன் குற்றவாளி ஆக்குகிறீர்கள்?

சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே அண்ணாச்சி, கடன் சொல்லிவிடும். குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, கட்டளை உங்களைப் பார்த்துப் பேசுகிறது என்றுதான் சொன்னேன். இரண்டு பேரை மாற்றி மாற்றி ஏறவிட்டு, ஏறாத நாளுக்கும் கூலி போட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், அதுவும் நேர்மை. ஆனால் ஏறினவனைக் கோயிலில் நிறுத்திக் கேட்கும்போது நீங்கள் முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிரகாசபுரம்: அப்படியானால் கட்டளையே வேண்டாம் என்கிறீர்களா?

நேர் எதிராகச் சொல்கிறேன் தம்பி. கட்டளை உங்களை விட எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. வேலை நிறுத்தினால் மட்டும் போதாது, மற்றவன் நிறுத்துவதற்கு வழியும் செய்ய வேண்டும் என்கிறேன். இது பற்றி நாம் நேரில் பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சாத்தான்குளம்: எல்லாம் கிருபைதானே, ஞாயிறும் கடை திறக்கிறேன். கொலோசெயர் 2:16 போதும் எனக்கு.

ஒற்றை வசனம்! ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்று அங்கே பவுல் எழுதுகிறார். உங்களை யாரும் குற்றப்படுத்தக் கூடாது, சரி. சனிக்கிழமை ஆசரிப்பவரை நீங்கள் குற்றப்படுத்தக் கூடாது என்பதும் அதே வசனம்தான். ரோமர் 14-ம் அதையே சொல்கிறது. கடை திறப்பது உங்கள் மனச்சாட்சி. கடைப் பையனுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு?

மெஞ்ஞானபுரம் அக்கா: ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஆட்டுக்கறி, ரசம், விருந்தாளி. எனக்கு வாரத்தில் அதிக வேலை ஓய்வுநாளில்தான். இதற்கு வேதத்தில் ஏதாவது உண்டா?

அந்தப் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரி, மாடுவரை வருகிறது, மனைவி தனியாக வரவில்லை. "நீ" என்பதற்குள் மனைவியும் அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்வதுண்டு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் உட்காருங்கள். மன்னாவைப் பற்றிச் சொல்லும்போதே சுட வேண்டியதை முந்தின நாளே சுட்டு வைக்கச் சொல்லியிருக்கிறது, பழைய சோறு ஒன்றும் பாவம் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இதை வாசிப்பார் என்றால் ரசம் வைப்பது கஷ்டம் இல்லை என்று அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

தூத்துக்குடி: கத்தோலிக்க நண்பன் இதை மூன்றாம் கட்டளை என்கிறான், எங்களுக்கு நாலாவது. யார் தப்பு?

யாரும் இல்லை. பத்துக் கட்டளையை எண்ணும் முறை இரண்டு. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒரு விதம், நாம் இன்னொரு விதம்.

சேரன்மகாதேவி: நீட் தேர்வு ஞாயிறு வருகிறது. என் மகள் எழுதலாமா?

எழுதட்டும்.

அம்பாசமுத்திரம்: எரிக் லிடெல் ஞாயிறு ஓட மறுத்தாரே. அப்படி உறுதி வேண்டாமா?

வேண்டும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டருக்கு முதல்கட்ட ஓட்டம் ஞாயிறு என்பதால் விட்டுக்கொடுத்தார், 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். பிரசங்கத்தில் கதை அதோடு நின்றுவிடும். பின்னால் அவர் சீனாவில் மிஷனெரியாக இருந்து, ஜப்பானியர் வைத்த தடுப்புமுகாமில் 1945-இல் இறந்தார். அந்த முகாமில் பிள்ளைகள் ஞாயிறன்று ஆடச் சென்று சண்டையில் முடிந்தபோது, அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு நடுவராக நின்றார். தனக்கு என்று வரும்போது கறார், அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு என்று வரும்போது இளக்கம். நம் மூப்பர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

களக்காடு: பரிசேயர்கள் எல்லோரும் மாய்மாலக்காரர்கள்தானே?

இல்லை. பரிசேயர்கள் வேதக் கட்டளைகளைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒரு யூதப் பிரிவினர். ஓய்வுநாளில் எதிரி வந்தபோது ஆயுதம் எடுக்காமல் செத்தவர்கள் யூதர்கள், முதலாம் மக்கபேயர் 2-ஆம் அதிகாரம் வாசியுங்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் உயிரைக் காக்கப் போராடலாம் என்று தீர்மானித்தார்கள். உயிர் காப்பது ஓய்வுநாளைவிட மேல் என்பது இன்றும் யூதர்களின் உறுதியான போதனை. அடுத்த வீட்டுக்காரனைத் திட்ட "பரிசேயன்" என்று சொல்லாதீர்கள், பெரும்பாலும் சொல்கிறவருக்குத்தான் அது பொருந்துகிறது.

வள்ளியூர்: ஐயா, சனியா ஞாயிறா?

மேலே ஏரலுக்குச் சொன்னது.

ஆலங்குளம்: எந்த நாள் சரி என்று தெளிவாகச் சொல்லவே இல்லையே?

மேலே ஏரல். இந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

உடன்குடி: கடைசியாக ஒன்று ஐயா. அப்பாவை எப்படித் திரும்பக் கூட்டிக்கொண்டு போக?

மூப்பரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அது ஊர்ச்சண்டையாகத்தான் முடியும். நேரே சேகர ஐயரிடம், அதாவது உங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான போதகரிடம், போங்கள். சபைக்கு நடுவில் சொன்ன சொல்லைச் சபைக்கு நடுவிலேயே திரும்ப வாங்க வேண்டும் என்று கேளுங்கள். பருவம் முடியும்வரை ஏறி இறங்கி வருகிறவர்களுக்குத் தோதாக ஒரு ஆராதனை நேரம் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் அப்படி ஏறுகிறவர் அப்பா ஒருவர் மட்டும் இருக்க மாட்டார், மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐயர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.