எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாதா?

கேள்வி: முதியவர்களுக்காக ஒரு செயலி வடிவமைக்கிறோம். எழுத்தைப் பெரிதாக்குவது தவிர வேறென்ன கவனிக்க வேண்டும்?

விரலைக் கவனியுங்கள். கண்ணைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள்.

அப்பாவுக்கு 78 வயது, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போனில் எதைத் தொட்டாலும் காலிங்பெல் அடிப்பதுபோல் அழுத்தித்தான் தொடுவார். பேத்தியின் படத்தைத் திறக்கப் போவார். படம் திறக்காது, அது தேர்வாகி மேலே குப்பைத்தொட்டி வந்து நிற்கும். விரல் ஏறக்குறைய அரை நொடி நின்றாலே போன் அதைத் ‘தொட்டுப் பிடித்தல்’ என்று எடுத்துக்கொள்ளும். “தானா அழிக்கப் பார்க்குதுடா” என்று கீழே வைத்துவிடுவார். ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்புகளில் அந்த நேரத்தை நீட்டித்த பிறகு பாதிப் புகார் நின்றது. அப்படி ஒரு அமைப்பு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? முக்கியமான எதையும் தொட்டுப் பிடித்தலுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்.

அம்மாவுக்கு நேர்மாறான தொல்லை. எத்தனை முறை தொட்டாலும் திரை கண்டுகொள்ளாது. இன்றைய தொடுதிரை அழுத்தத்தை அல்ல, விரல் பட்டதும் உண்டாகும் மின்மாற்றத்தைத்தான் உணர்கிறது. வயதானால் தோல் வறளும். காய்ந்த விரல்நுனியைத் திரை சரியாக உணராது. அம்மாவோ சேலைத் தலைப்பில் விரலை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுவார், இன்னும் மோசம்.

விரல்ரேகையும் தேயும். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழுக்கு 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்தபோது விரல்ரேகை அல்லது கருவிழிதான். 2021இல் முகத்தைக் காட்டினாலும் போதும் என்று சேர்த்தார்கள். அப்பா இப்போது திண்ணையில் உட்கார்ந்தே முடித்துவிடுகிறார். நீங்களும் ஒன்றுக்கு இரண்டு வழி வையுங்கள்.

அப்புறம் நேரம். ஓடிபி வந்ததும் கண்ணாடியைத் தேடி, எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டு திரும்புவதற்குள் திரை முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுங்கள் என்கிறது டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் நெறிமுறை. 20 நொடியில் அப்பா கண்ணாடிக் கூட்டைக்கூடத் திறந்திருக்கமாட்டார், தாராளமாகக் கொடுங்கள்.

சரி, எழுத்து. பெரிதாக்குங்கள், ஆனால் பெரிதாக்கிய பிறகு ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுப் போனில் ஒரு செயலி இருக்கிறது. அதைத் திறக்கும்போது மட்டும் அப்பா எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்காருவார்.