புள்ளி வைத்த காலண்டர்

அன்புள்ள அக்கா,

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்கிறேன். வயது 46. ஒரு வருடமாக மாதவிடாய் பத்து, பன்னிரண்டு நாள் நீள்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. பெண் டாக்டர்தானே, புரிந்துகொள்வார் என்று போனேன். அவர் கேள்வியையெல்லாம் என் கணவரிடம் கேட்டார். என்னிடம், "இந்த வயதில் எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி சத்து மாத்திரை எழுதினார். மறுபடி போவதா, வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். அவரிடமே போக வேண்டும் என்பதில்லை.

பெண் டாக்டர் நமக்குப் புதிதல்ல. நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோதே, 1938-இல், அதன் மருத்துவத் துறைக்குத் தலைவராக மேரி புன்னன் லூக்கோஸ் வந்துவிட்டார். ஆனாலும் வெளியே ஐம்பது பேர் காத்திருக்கையில், சட்டென்று பதில் சொல்கிறவரிடம்தான் டாக்டரின் கேள்வி போகிறது. அவர் செய்தது தவறுதான். ஆனால் அதற்காக நீங்கள் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் நாள் முன்பின்னாவது சகஜம். பன்னிரண்டு நாள் போவதும் மூச்சு வாங்குவதும் அந்தக் கணக்கில் வராது. கருப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், உள்சுவர் தடித்திருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பதும் உண்டு; பயப்படாதீர்கள். அரை நாள் கூலி போகும், தெரியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் செலவாவது குறையும்.

"அசதியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாற்றினீர்கள், கட்டியாகப் போனதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கும் இதே தொல்லை இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாதான் பேசினார்: "ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் அசதி." அம்மா வாயே திறக்கவில்லை. மடித்துக் கொண்டுவந்திருந்த பால் கணக்குக் காலண்டரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். தேதிக் கட்டங்களின் மூலையில் பென்சில் புள்ளிகள். டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். பால்காரர் வராத நாட்களுக்கு வைத்த புள்ளி என்றுதான் அப்பா அதுவரை நினைத்திருந்தார்.